கடன் அட்டையும் கைம்மாறும்

முன்னுரை

எம் துறையில் முதுகலை பயின்று, பின்னர்ச் சென்னையில் பணியிலமர்ந்த மாணவர் ஒருவர், ஒரு விடுமுறை நாளில் என்னைக் காண வந்தார். கையில் கடன் அட்டையின் மாதக் கணக்கு அறிக்கை. "சார், மாதம் தவறாமல் கட்டுகிறேன், பாக்கி மட்டும் குறையவே இல்லை" என்றார். அறிக்கையைப் பார்த்தேன். அவர் கட்டிவந்தது 'குறைந்தபட்சத் தொகை'. அதனை மாதத் தவணை என்று அவர் பொருள்கொண்டிருந்தார். அட்டையை ஏன் வாங்கினீர் என்று கேட்டேன். "கேஷ்பேக் கிடைக்கும் என்றார்கள் சார்" என்றார்.

சங்கப் பாடலுக்கு உரை கூறவல்ல ஒருவர், இரண்டு பக்க அறிக்கையின் ஒரு தொடருக்குப் பிழைபட உரை கண்டதால் நேர்ந்த இழப்பு அவருடைய இரண்டு மாத ஊதியத்தை விஞ்சியிருந்தது. அத்தொடரைப் படிக்க நாம் அவருக்குக் கற்பிக்கவில்லையே என்ற உறுத்தலே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். கடன் அட்டை தரும் கேஷ்பேக், வெகுமதிப் புள்ளிகள் ஆகியவற்றின் இயல்பையும், அவற்றால் மெய்யாகப் பயன்பெறும் வழியையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

கடன் என்னும் சொல்

தமிழில் 'கடன்' என்னும் சொல் இருபொருள் தருவது. ஒன்று, திருப்பித் தரவேண்டிய பொருள். மற்றொன்று, செய்து முடிக்கவேண்டிய கடமை. புறநானூற்றின் 312-ஆம் பாடலில் பொன்முடியார், தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மைந்தன் ஆகியோர்க்குரிய பொறுப்புகளை இச்சொல்லாலேயே சுட்டுகிறார். காலைக்கடன், நேர்த்திக்கடன் என்னும் வழக்குகளும் இப்பொருள் பற்றியனவே. வாங்கிய பொருளைத் திருப்பித் தருதல் தலையாய கடமை என்னும் உணர்வே இவ்விரு பொருளையும் ஒரு சொல்லில் பிணைத்தது எனலாம்.

ஆனால் இன்றைய விளம்பரங்களில் கடன் என்னும் சொல்லை அரிதாகவே காண்கிறோம். 'சலுகை', 'வெகுமதி', 'பரிசு', 'இலவசம்' என்பனவே முன்னிற்கின்றன. வெகுமதி என்பது திறமைக்கோ தொண்டுக்கோ தரப்படுவது. கடன் வாங்கியதற்கு வெகுமதி தரப்படுமாயின், தருபவர் பெறுவது யாது என்று வினவுதல் அறிவுடைமையாகும். ஒப்புரவறிதல் அதிகாரத்தின் முதற் குறளில் வள்ளுவர், கைம்மாறு கருதாத கொடைக்கு மழையை எடுத்துக்காட்டுகிறார். வங்கி மழையன்று, அதன் வெகுமதி கைம்மாறு கருதியதே.

வெகுமதியின் ஊற்று

அட்டையால் பொருள் வாங்கும்போது கடைக்காரருக்கு முழு விலையும் சென்று சேர்வதில்லை. பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றரை முதல் மூன்று ரூபாய் வரை கட்டணமாகக் கழிக்கப்படுகிறது. அதில் ஒரு கூறே நமக்குக் கேஷ்பேக்காகத் திரும்புகிறது. அமெரிக்காவில் சியர்ஸ் நிறுவனம் 1986-இல் நாடு முழுதும் கொணர்ந்த டிஸ்கவர் அட்டை இம்முறையைப் பரவச் செய்தது. வங்கிக்குரிய பிற வருவாய்கள் ஆண்டுக் கட்டணம், தாமதக் கட்டணம், வட்டி ஆகியன.

கடைக்காரர் தாம் செலுத்தும் கட்டணத்தைப் பொருளின் விலையில் ஏற்றுகிறார். அவ்விலையை ரொக்கம் கொடுப்பவரும் செலுத்துகிறார். பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் ரொக்கம் பயன்படுத்தும் குடும்பம் ஒன்று சராசரியாக ஆண்டுக்கு 149 டாலரை இவ்வகையில் இழப்பதாகவும், அட்டை பயன்படுத்தும் குடும்பம் 1,133 டாலர் பெறுவதாகவும் கணித்தது. அட்டை பெறும் தகுதியற்ற ஏழையின் பணமும் நம் வெகுமதியில் கலந்திருத்தல் கூடும் என்பது ஈண்டுச் சிந்திக்கத்தக்கது.

மற்றொரு நுட்பமும் உண்டு. பிரெலெக், சைமஸ்டர் என்னும் இரு அறிஞர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டுப் போட்டிக்கான நுழைவுச் சீட்டை ஏலம் கேட்ட மாணவர்களுள், அட்டையால் செலுத்தவிருந்தோர் ரொக்கம் தரவிருந்தோரைப் போல் ஏறத்தாழ இருமடங்கு விலை கேட்டனர். கையிலிருந்து பணம் பிரியும் வருத்தம் அட்டையில் மறைந்துவிடுகிறது. இரண்டு ரூபாய் திரும்புமென்று நூறு ரூபாய்க்குத் தேவையற்ற பொருளை வாங்கியவர், இரண்டு ரூபாய் பெற்றவரல்லர்; தொண்ணூற்றெட்டு ரூபாய் இழந்தவர்.

ஒரு கணக்கு

ஒருவர் மாதம் 20,000 ரூபாய் அட்டையால் செலவிடுகிறார். கேஷ்பேக் ஒரு விழுக்காடு எனக் கொள்வோம். ஆண்டில் அவர் பெறுவது 2,400 ரூபாய். ஆண்டுக் கட்டணம் 500 ரூபாயும் அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 590 ரூபாய் போக, நிகரப் பயன் 1,810 ரூபாய்.

இவர் ஒரே ஒரு மாதம் முழுத்தொகையைச் செலுத்தாது, குறைந்தபட்சத் தொகையாகிய ஐந்து விழுக்காட்டை, அதாவது 1,000 ரூபாயை மட்டும் செலுத்துகிறார். வட்டி மாதத்திற்கு மூன்றரை விழுக்காடு, ஆண்டுக்கு 42 விழுக்காடு என்க. எஞ்சிய 19,000 ரூபாய்க்கு மட்டுமே, அதுவும் இனிமேல்தான் வட்டி என்று பலரும் எண்ணுகின்றனர். அது பிழை. முழுத்தொகை செலுத்தாதவிடத்து, பொருள் வாங்கிய நாள் முதலே வட்டி கணக்கிடப்படுவது பொதுவழக்கு. வாங்கிய நாளுக்கும் கெடு நாளுக்கும் இடையே சராசரி 35 நாள் எனின், 20,000 ரூபாய்க்கு வட்டி 805 ரூபாய். அடுத்த 30 நாளுக்கு 19,000 ரூபாய்க்கு 656 ரூபாய். இரண்டும் கூடி 1,461 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. 263 ரூபாய். ஆக 1,724 ரூபாய்.

ஓராண்டு முழுதும் சேர்த்த 1,810 ரூபாயில் எஞ்சுவது 86 ரூபாய் மட்டுமே. பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாதாகலின், அந்த 86 ரூபாயும் நில்லாது. என் மாணவரோ ஒரு மாதமன்று, பதினான்கு மாதங்கள் இவ்வாறு செலுத்தியிருந்தார்.

குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்திவரின் கடன் நீண்டுகொண்டே செல்லும் என்னும் எச்சரிக்கையை மாத அறிக்கையில் தெளிவாக அச்சிடுமாறு இந்திய ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட நெறிமுறைகள் பணித்தன. ஆண்டுக்கு 30 விழுக்காட்டிற்கு மேற்பட்ட வட்டி முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் அளித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் நீக்கிவிட்டது. ஆதலின் விழிப்புணர்வே நமக்குக் காப்பு.

பயன்பெறும் நெறி

அட்டையைப் பயன்படுத்துவோர் பின்வருவனவற்றைக் கருத்திற்கொள்ளல் நலம்.

1. அட்டை இல்லாவிடினும் செய்திருக்கக்கூடிய செலவுகளை மட்டும் அட்டையால் செய்க. மளிகை, மின்கட்டணம், பயணச்சீட்டு போன்றன அத்தகையன.

2. கெடு நாளில் 'மொத்தத் தொகை' முழுவதும் சேமிப்புக் கணக்கிலிருந்து தானே செல்லுமாறு வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுக. படிவத்தில் 'குறைந்தபட்சத் தொகை' என்னும் கட்டத்தைக் குறித்துவிடலாகாது.

3. புள்ளிகளை ரூபாயாக மாற்றிப் பார்க்க. நூறு ரூபாய்க்கு இரண்டு புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 25 காசு எனின், கிடைப்பது அரை விழுக்காடே. ஒரு விழுக்காடு கேஷ்பேக் அதனினும் இருமடங்கு.

4. மாத உச்சவரம்பு, புள்ளிகள் காலாவதியாகும் நாள், அவற்றை மாற்றக் கட்டணம் உண்டா என்பன பற்றி முன்னரே அறிக. வாடகை, எரிபொருள், தங்கம் போன்றவற்றிற்குப் பல அட்டைகள் வெகுமதி தருவதில்லை.

5. கடன் அட்டையால் ரொக்கம் எடுத்தலை அறவே தவிர்க்க. எடுத்த நாளிலிருந்தே வட்டியும், தனியே கட்டணமும் உண்டு.

6. ஆண்டுக் கட்டணத் தள்ளுபடிக்காகச் செலவைக் கூட்டாதீர். ஆண்டுப் பயன் கட்டணத்தினும் குறைவாயின் அட்டையை முடித்துவிடுக. பாக்கியனைத்தும் செலுத்தியபின் விண்ணப்பித்த ஏழு வேலைநாள்களுக்குள் முடித்துத் தருவது வங்கியின் பொறுப்பு என்பதை மேற்கூறிய நெறிமுறைகள் உறுதிசெய்தன.

வலியறிதல் அதிகாரத்தில் வருவாய்க்கு மிகாத செலவையும் வலிமையின் கூறாக வள்ளுவர் வைத்திருப்பது இவை அனைத்திற்கும் அடிப்படை எனலாம்.

மார்க்க நோக்கு

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதிவைப்பது பற்றியது. கடன் பாக்கியுடன் இறந்த ஒருவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தயங்கியதையும், அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றபின்னரே தொழுவித்ததையும் புகாரியில் காண்கிறோம்.

வட்டி விதிக்கும் நிபந்தனையுடைய கடன் அட்டையை, குறித்த காலத்தில் செலுத்தும் எண்ணத்துடனும் பயன்படுத்தலாகாது என்று பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி 2000-ஆம் ஆண்டு ரியாத் நகரில் தீர்மானித்தது. வட்டி நேராவண்ணம் முழுத்தொகையையும் செலுத்துவோர் தேவைக்குப் பயன்படுத்தலாம் என்னும் கருத்துடைய அறிஞர்களும் உளர். தீர்ப்புக் கூறுதல் தமிழாசிரியனின் பணியன்று. உலமாப் பெருமக்களை அணுகித் தெளிவு பெறுக. கணக்கிலிருந்து நேரே பணம் செல்லும் டெபிட் அட்டையில் கடனுமில்லை, அதற்கு வட்டியுமில்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். நம் இளைஞர் குறைந்தபட்சத் தொகையில் சிக்குண்ட வேளையில், வட்டியில்லா அழகிய கடன் தந்து மீட்கும் ஏற்பாடு மஹல்லாதோறும் பைத்துல்மால் வழியே அமையுமாயின் அது பேருதவியாகும். என் மாணவர் மீண்டது அவருடைய மாமா கொடுத்த அத்தகைய கடனால்தான்.

முடிவுரை

கேஷ்பேக் என்பது வருவாயன்று. ஒழுங்காகச் செலுத்துவோர்க்குக் கிடைக்கும் சிறு தள்ளுபடி. முழுத்தொகையையும் கெடுவுக்குள் செலுத்துவோர்க்கே அது பயன். ஏனையோர்க்கு அது தூண்டில் இரை. செய்யுளுக்குப் பொருள் காணும் நம் மாணவர், கையொப்பமிடும் தாளுக்கும் பொருள் காணப் பழகுவாராக. வல்ல இறைவன் கடன் சுமையினின்றும் நம் அனைவரையும் காத்தருள்வானாக.