தனியெடுப்பும் கூட்டெடுப்பும்

அளவைநூல் கற்கப் புகுவோர் முதற்கண் அறியற்பாலது எடுப்பின் இயல்பாம். மெய்யென்றாதல் பொய்யென்றாதல் துணியத்தக்க பொருளைக் கூறும் வாக்கியம் எடுப்பு எனப்படும். "கதவைச் சாத்து" என்னும் ஏவலும், "யார் வந்தார்?" என்னும் வினாவும் மெய்யாதலும் பொய்யாதலும் இல்லை, ஆதலின் அவை எடுப்பல்ல. "கதவு சாத்தியிருக்கின்றது" என்பது எடுப்பு. கதவைப் பார்த்து அதன் மெய்ம்மையைத் துணியலாமன்றோ?

வேறோர் எடுப்பைத் தன்னுட் பகுதியாகக் கொள்ளாதது தனியெடுப்பு; கொண்டது கூட்டெடுப்பு. "மழை பெய்தது" என்பது தனி. "மழையும் பெய்தது, குளமும் நிரம்பியது" என்பது கூட்டு. "மழை பெய்யவில்லை" என்பதும், மழை பெய்தது என்பதனை உட்கொண்டு மறுத்து நிற்றலின், இக்காலத்து அளவைநூலாராற் கூட்டென்றே கொள்ளப்படும்.

வாக்கியத்தின் நெடுமை கண்டு மயங்கற்க. "வடக்கு வீதியிலுள்ள பழைய கிணற்றின் பக்கத்துப் பெரிய வேப்பமரம் நேற்றிரவு முறிந்தது" என்பது நெடிதாயினும் தனியே. "கந்தன் வரின் வேலன் போவான்" என்பது குறிதாயினும் கூட்டே. உம்மை கண்டும் மயங்கற்க. "கந்தனும் வேலனும் வந்தனர்" என்பதனைக் கந்தன் வந்தான், வேலன் வந்தான் என இரண்டாகப் பிரிக்கலாம். "கந்தனும் வேலனும் உடன்பிறந்தார்" என்பதனை அங்ஙனம் பிரிக்க முயன்று பாருங்கள். கந்தன் உடன்பிறந்தான் என்றால், யாருக்கு என்னும் வினா எழும். அஃது இருவர்க்குள்ள ஒரு தொடர்பைக் கூறும் தனியெடுப்பேயாம்.

கூட்டெடுப்பின் மெய்ம்மை அதன் பகுதிகளின் மெய்ம்மையைப் பற்றி நிற்கும். உம்மையாற் கூடியது இரண்டு பகுதியும் மெய்யாயினன்றி மெய்யாகாது. "அல்லது" என்பதனாற் கூடியது ஒன்று மெய்யாயினும் மெய்யாம். இரண்டும் மெய்யாயவிடத்து என்னையெனின், வழக்கிலே சிலபோது அது விலக்கப்படும். அளவைநூலார் விலக்காது கொள்வர். உறுதியும் உடன்படிக்கையும் எழுதுவோர் இவ்வேறுபாட்டை வெளிப்பட எழுதாமையாலே பின்னர் வழக்கு விளைதல் உண்டு.

இனி நிபந்தனையெடுப்பு. இதிலேதான் கற்றோரும் இடறுவர். "நாளை மழை பெய்யாவிடின் வருவேன்" என்று நண்பரொருவர் சொல்லுகின்றார். மழையுமில்லை, அவரும் வரவில்லையாயின் அவர் சொல் பொய்த்தது. மழை பெய்தும் அவர் குடைபிடித்து வந்துவிட்டாராயின் அவரைப் பொய்யர் என்போமா? என்னோம். முற்கூறு மெய்யாய்ப் பிற்கூறு பொய்யாகும் ஓரிடத்தன்றி நிபந்தனையெடுப்புப் பொய்யாகாது. இக்கருத்தைக் கி. மு. 4-ம் நூற்றாண்டளவிலே பிலோ என்பவர் கூறினார். அவர் ஆசிரியர் தியோதோரர் இதனை உடன்படவில்லை. அரித்தாட்டில் பெரும்பாலும் தனியெடுப்பின் உறுப்புக்களையே ஆராய்ந்தனர். கூட்டெடுப்புக்களைக்கொண்டு முடிவு பெறும் முறைகளைக் கி. மு. 3-ம் நூற்றாண்டிலே விரித்தவர் கிரிசிப்பர் என்னும் தோயிக்கர்.

எமக்குத் தெரிந்த தந்தையொருவர் தம் மகனுக்கு, "நீ படியாவிடின் தேறாய்" என்று நாடோறும் சொல்லிவந்தார். சொல்லியது மெய்யே. மகன் பரீட்சையிலே தேறவில்லை. தந்தையார், "தேறவில்லை, ஆகவே நீ படிக்கவில்லை" என்று பிரம்பை எடுத்தனர். அச்சிறுவனோ விளக்கெரியப் படித்தவன். பரீட்சை நாளிலே சுரத்தோடு போய் எழுதினவன். அதனைச் சொல்லவும் அவனுக்கு இடங்கொடுக்கப்படவில்லை.

தந்தையார் தவறியது எங்கே? "படியாவிடின் தேறாய்" என்பதினின்றும் "தேறினாயாயின் படித்தாய்" என்பது பெறப்படும். "தேறாயாயிற் படித்திலை" என்பது பெறப்படாது. பிற்கூற்றைக் கொண்டு முற்கூற்றைத் துணிதல் குற்றம். நம் தருக்கநூலார் இதனை நன்கறிவர். புகையுள்ள இடத்துத் தீயுண்டு; ஆயினும் தீயுள்ள இடமெல்லாம் புகையுண்டென்றல் கூடாது என்று கூறி, பழுக்கக் காய்ந்த இரும்புண்டையைக் காட்டினர். அதிலே தீயுண்டு, புகையில்லை. தீயோடு ஈரவிறகு சேர்ந்தவிடத்தே புகை உளதாம் என்பது தருக்கசங்கிரகத்து விளக்கம். படிப்பு, உடல்நலம், வினாத்தாள் என்னும் பலவும் சேர்ந்தே தேர்ச்சி உளதாகலின், அவற்றுள் யாதொன்று குறையினும் தேறாமை நிகழும்.

மாணவர்காள், இதனை ஆராய்க: "மருந்து உண்ணாவிடின் நோய் தீராது. நோய் தீரவில்லை. ஆகவே நோயாளி மருந்து உண்ணவில்லை." வைத்தியர் இங்ஙனம் துணிந்து நோயாளியைக் கடிந்தாராயின், நோயாளியின் பக்கத்தில் நின்று நீங்கள் கூறும் விடை யாது? பின்னர் "நோய் தீர்ந்தது" என்று இரண்டாம் வாக்கியத்தை மாற்றிக்கொண்டு, அப்பொழுது பெறப்படும் முடிவையும் எழுதுக.