தரங்கம்பாடிக்கு வேனில் போகாதீர்கள்

திருக்கடையூரில் சதாபிஷேகம் முடித்த கையோடு, "பக்கத்துலதானே, தரங்கம்பாடியை ஒரு எட்டு பார்த்துட்டு வேளாங்கண்ணி போயிடலாம்" என்று உங்கள் வீட்டிலும் ஒருவர் கிளம்புவார். எங்கள் வீட்டில் அது அக்கா வீட்டுக்காரர். கேட்காதீர்கள்.

10 கிலோமீட்டர்கூட இல்லை, உண்மைதான். ஆனால் விருந்து முடிந்து போய் இறங்கும்போது உச்சி வெயில். மாசிலாமணிநாதர் கோயில் நடை சாத்தியிருந்தது. அது எல்லா ஊரிலும் உள்ளதுதான், போகட்டும். கோட்டையிலும் பூட்டு! அங்குள்ள அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்று முதல் நாள் ராத்திரியே சொன்னேன். "கோட்டைக்கு ஏதும்மா லீவு, அது என்ன பேங்க்கா?" என்று சிரித்தார் அத்தான். வயசான அப்பாவைச் சுடுமணலில் நிறுத்தி செல்ஃபி எடுத்துவிட்டு வேனில் ஏறினோம். "ஒண்ணுமே இல்லாத ஊரு" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார் பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ஒன்றுமே இல்லையா? தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620-ல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை அது. கோயில் அதற்கும் 300 ஆண்டு மூத்தது; மாறவர்மன் குலசேகர பாண்டியன் கட்டியது, முன்பக்கத்தைக் கடல் அரித்துத் தின்றுவிட்டது. 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது இங்கேதான். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அவர் கல்லறையும் இருக்கிறது.

பிறகு யாரிடமும் சொல்லாமல் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். மயிலாடுதுறை வரை ரயில், அப்புறம் பஸ். ராத்திரி தங்கினோம். அந்த அறை வாடகையை அக்கா இன்னமும் குத்திக்காட்டுகிறாள்; தங்கினால்தான் விடியலில் கடற்கரை உங்களுடையது. வெயில் ஏறுமுன் கோயில், ராஜ வீதி, ஆலயம் எல்லாம் நடந்தே முடித்தோம். கோட்டை திறந்ததும் அவசரமில்லாமல் உள்ளே. கீழே கிடங்காகவும் சிறையாகவும் இருந்த வளைவுக்கூரை அறைகள், மேலே கவர்னர் குடியிருந்த தளம். 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனவர்களின் வீட்டை என் மகள் அறை அறையாகப் பார்த்தாள்.

கடலில் குளிக்க ஆசைப்படாதீர்கள், அலை முரடு. சாப்பாட்டுக்குப் பொறையாறு பக்கம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேண்டாம். வெள்ளிக்கிழமை வேண்டவே வேண்டாம்.