வலிமைக்கு ஒரு விலை

நுழையும்முன்

விளையாட்டு விதிகளால் ஆனது. அவ்விதிகளை மாற்றும் உரிமை விளையாடுவோர் கையிலேயே இருந்தால் என்ன நேரும்? கணினி விளையாட்டில் வீரர்களின் ஆற்றலைக் குறிக்கும் எண்களைத் திருத்துவோர் எதிர்கொள்ளும் வினா இது. சதுரங்கத்தின் வரலாறும் உத்திரமேரூர்க் கல்வெட்டும் அதற்கு விடைகாணத் துணைசெய்கின்றன.

கற்பனை உலகில் படைநடத்தும் கணினி விளையாட்டுகளுள் ஒன்று ‘பேட்டில் ஃபார் வெஸ்நாத்’. டேவிட் ஒயிட் என்பவர் தொடங்கிய இவ்விளையாட்டு 2003ஆம் ஆண்டு வெளிவந்தது. இது கட்டற்ற மென்பொருள். எவரும் இதன் உள்ளமைப்பைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். அறுகோணக் கட்டங்கள் கொண்ட நிலப்படத்தில் இரு தரப்பினரும் மாறி மாறிப் படைகளை நகர்த்துவர். ஒவ்வொரு வீரனின் இயல்பும் எளிய உரைக்கோப்பில் எண்களாக எழுதப்பட்டிருக்கும். உயிர்ப்புள்ளி, நகரும் தொலைவு, விலையாகிய பொன், ஓர் அடியின் வலிமை, அடிகளின் எண்ணிக்கை ஆகியன அவ்வெண்கள். கோப்பில் ஓர் எண்ணை மாற்றினால் வீரனும் மாறிவிடுவான். ராஜகுளம் போன்ற சிற்றூரில் கணினிமுன் அமரும் மாணவரும் பொருட்செலவின்றி இதனைச் செய்ய இயலும்.

ஈட்டி வீரன் ஒருவனின் விலை 14 பொன் என்று கொள்வோம். அவன் மும்முறை தாக்குவான். ஒவ்வோர் அடியின் வலிமையும் 7. மூன்றும் பட்டால் எதிரி 21 உயிர்ப்புள்ளிகளை இழப்பான். இப்போது 7 என்பதை 10 ஆக்கி, விலையை மாற்றாமல் விடுவோம். அதே 14 பொன்னுக்கு 30 புள்ளி வலிமை கிடைக்கிறது. முதல் ஆட்டம் மகிழ்ச்சி தரும். அடுத்தடுத்த ஆட்டங்களில் வில்லாளியையும் குதிரை வீரனையும் எவரும் வாங்கமாட்டார். எல்லாப் பொன்னும் ஈட்டி வீரர்க்கே செல்லும். எதை வாங்குவது, எங்கே நிறுத்துவது என்னும் சிந்தனைக்கு அங்கு வேலை இல்லை. ஒரு வீரனின் வலிமையைக் கூட்டியதால் விளையாட்டே சுருங்கிவிட்டது.

ஆகவே, தேர்ந்த வடிவமைப்பாளர் வலிமையைக் கூட்டும்போது அதற்கு ஒரு விலையும் வைப்பர். அடியின் வலிமை உயர்ந்தால் பொன் உயரும். அன்றி உயிர்ப்புள்ளி குறையும். ஒரே நேரத்தில் பல எண்களை மாற்றினால் எதனால் என்ன விளைந்தது என்பது புலப்படாது. எனவே ஒன்றை மட்டும் மாற்றிப் பலமுறை ஆடிப்பார்ப்பர். பின்னர் இடம்மாறி எதிர்த்தரப்பிலும் அமர்ந்து ஆடுவர். தம் மாற்றத்தைத் தாமே எதிர்கொள்வதே உண்மையான சோதனை.

இம்முயற்சி கணினியோடு தோன்றியதன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையைக் கொண்டு இந்தியாவில் தோன்றிய சதுரங்கம், பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. பழைய ஆட்டத்தில் அமைச்சர், மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டுமே நகர்வார். அரபு ஆட்டத்தில் யானை, மூலைவாட்டில் இரண்டாம் கட்டத்திற்குத் தாவும். 64 கட்டங்களுள் எட்டினை மட்டுமே அதனால் அடைய முடியும். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் இவ்விதிகள் மாறின. பழைய அமைச்சரின் இடத்தைப் பெற்ற அரசி, எத்திசையிலும் தடையின்றிச் செல்லும் ஆற்றல் பெற்றாள். வெற்றுப்பலகையின் நடுவே நிற்கும் அரசியால் 27 கட்டங்களுக்குச் செல்ல இயலும். ஆட்டம் விரைவு பெற்றது. இத்துணைப் பெரிய மாற்றம் நிலைபெற்றதற்கு ஒரு காரணம் உண்டு: புதிய அரசி இரு தரப்பினருக்கும் ஒருத்தியாகவே வழங்கப்பட்டாள்.

விளையாட்டுக்கு வெளியேயும் இந்நெறி பொருந்தும். உத்திரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919இல் பொறிக்கப்பட்ட விதியின்படி வாரிய உறுப்பினரின் வயது 30 முதல் 60 வரை இருத்தல் வேண்டும். இரண்டே ஆண்டுகளில், கி.பி. 921இல், அது 35 முதல் 70 வரை எனத் திருத்தப்பட்டது. பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் தேர்வுக்குத் தகுதியற்றவர் என்றும் விதிக்கப்பட்டது. அன்றைய சபையார் எண்களை மாற்றினர். மாற்றியதை ஊரார் காணும் சுவரில் பொறித்தனர். பொறுப்பில் இருப்போரும் அவ்விதிக்குக் கட்டுப்பட்டனர்.

உரைக்கோப்பில் ஓர் எண்ணைத் திருத்தும் மாணவர், சிறிய அளவில் சட்டம் இயற்றுபவர் ஆகிறார். தமக்கு மட்டும் பயன்தரும் எண்ணை எதிராளி அறியாமல் மாற்றுவது ஏய்ப்பு. அறிவித்து, இருவருக்கும் பொதுவாக்கி, பிழை கண்டால் மீண்டும் திருத்துவது ஆக்கம். இரண்டையும் செய்வது ஒரே விரல்தான்; வேறுபாடு அதனைச் செலுத்தும் மனத்தில் உள்ளது.

கற்பவை கற்றபின்

1. சதுரங்கத்தில் ஒரு காயின் நகர்வை மாற்றி நண்பருடன் மூன்று ஆட்டங்கள் ஆடுக. ஆட்டத்தில் விளைந்த மாற்றங்களைப் பட்டியலிடுக.
2. ‘விதியை மாற்றுபவர் அவ்விதிக்குக் கட்டுப்பட வேண்டும்’ – இக்கூற்றை உங்கள் பள்ளி நிகழ்வு ஒன்றுடன் பொருத்தி ஒரு பக்க அளவில் எழுதுக.