அறையைக் கேட்பதற்கு முன் தண்ணீரைக் கேளுங்கள்

குளத்தைப் பார்த்த அறை, காலை உணவு சேர்த்து வாடகை என்ற விளம்பரத்தை நம்பிப் போய் மனம் சலித்துத் திரும்பியவர்களின் குறைகளைக் கேட்டால், எல்லாம் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். படத்தில் கரை தொட்டு நின்ற தண்ணீர் நேரில் இல்லை. ஜன்னலைத் திறந்தால் பாளம் பாளமாக வெடித்த கரம்பை மண்ணும், அதில் மேயும் ஆடுகளும்தான். ‘வீட்டுக்காரர் ஏமாற்றிவிட்டார்’ என்பார்கள் சிலர். ‘நம் நேரம் சரியில்லை’ என்று விட்டுவிடுவார்கள் வேறு சிலர். இரண்டுமே முழு விளக்கம் ஆகாது என்பது என் கருத்து. நம் பக்கத்துக் குளங்களுக்கு மாதக் கணக்கு உண்டு. அதை விருந்தினர் கேட்பதில்லை, வீட்டுக்காரர் சொல்வதும் இல்லை. ஏமாற்றத்தில் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது. அறையைப் பற்றி ஆயிரம் விசாரிக்கிறவர்கள் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் போதும்.

நாங்குநேரி வட்டாரத்தை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகப் புரியும். மேற்கே நிமிர்ந்தால் மலை தெரிகிறது, ஆனாலும் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் இங்கே குளங்கள் பெருக வேண்டும். அணைத் தண்ணீர் வரும் குளங்களுக்கும் நிச்சயம் கிடையாது. காமராஜர் காலத்தில் கட்டிய 118 அடி மணிமுத்தாறு அணையின் பிரதான கால்வாய் நான்கு ரீச்சுகளாகப் பிரிந்து ஓடுகிறது. வறண்ட நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துக் குளங்கள் அதன் கடைசிப் பகுதிகளை நம்பியவை. முதல் இரண்டு ரீச்சுக்கு ஓர் ஆண்டு, அடுத்த இரண்டுக்கு மறு ஆண்டு என்று முன்னுரிமை முறை மாறி வரும். தாமிரபரணியின் உபரி வெள்ளத்தையாவது இந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்றுதான் 2009-ல் தாமிரபரணி - கருமேனியாறு - நம்பியாறு இணைப்புத் திட்டமே தொடங்கப்பட்டது. இதற்கு நேர்மாறாக 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, தென்மாவட்டக் குளங்கள் கரை கொள்ளாமல் நிறைந்தன, பல உடைந்தும் போயின. ஒரு தை மாதம் கடலாகக் கிடக்கும் குளம் இன்னொரு தை மாதம் மேய்ச்சல் நிலமாகக் கிடப்பது இந்த மண்ணின் இயல்பு. அந்த முதல் தையில் எடுத்த படத்தை வைத்து வைகாசியில் அறையை விற்றால், படம் உண்மையாக இருந்தும் விளம்பரம் பொய்யாகிவிடுகிறது.

தண்ணீர் இருந்துவிட்டால் மட்டும் எல்லாம் கிடைத்துவிடும் என்பதும் இல்லை. இதே நாங்குநேரி தாலுகாவில் இருக்கும் கூந்தன்குளத்தைப் பாருங்கள். 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களான ராம்சர் தலங்களின் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிப்பு வந்த ஊர். 129 ஹெக்டேர் பரப்புள்ள இந்தச் சரணாலயத்தில் இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தைப் பார்க்க வேண்டுமானால் குளிர்காலத்தில் போக வேண்டும். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதைப் பார்க்க அதற்குப் பிந்திய மாதங்கள் ஏற்றவை. குளம் நிறைந்திருந்தால் வாத்துகள் நடுக்குளத்தில் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். தண்ணீர் வற்றி முழங்காலளவுக்கு வந்த பிறகே நீண்ட கால் பறவைகள் கரையோரம் இரை தேடி இறங்கும். ஆக, குளம் என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் குறைந்தது மூன்று வேறு காட்சிகள் இருக்கின்றன. இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இங்கே பறவைகள் ஊருக்குள் நிற்கும் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. மரத்தடியும் ஓட்டுக்கூரையும் எச்சத்தால் வெள்ளையடித்தது போலாகிவிடும். வெயில் ஏற ஏற மீன் கவிச்சியோடு கலந்த நெடி மூக்கைத் துளைக்கும், குஞ்சுகளின் சத்தம் இரவிலும் ஓயாது. ‘ஜன்னலுக்கு வெளியே பறவைகள்’ என்று எழுதுகிற வீட்டுக்காரர் இதையும் சேர்த்து எழுதினால்தான் அது முழு விவரம்.

‘அதற்குத்தான் ரிவ்யூ இருக்கிறதே, ஸ்டார் பார்த்துப் போகலாமே’ என்று கேட்கலாம். ஸ்டார்களை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் ஏர்பிஎன்பி நிறுவனத்தின் பட்டியலை ஆராய்ந்தபோது, மதிப்பீடு பெற்ற இடங்களில் ஏறக்குறைய 95 சதவீதம் நாலரை அல்லது ஐந்து ஸ்டாரில் இருந்தன. எல்லாமே நல்ல இடம் என்றால் நல்லதை எப்படிப் பிரித்தறிவது? ஒரு வீட்டில் தங்கி, அவர்கள் கையால் சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கு மூன்று ஸ்டார் போடக் கை வராது, அது மனித சுபாவம். அதோடு, மார்கழியில் வந்தவர் மார்கழிக் குளத்துக்குத்தான் மதிப்பெண் போடுகிறார், சித்திரைக் குளத்துக்கு அல்ல. ஆகவே ரிவ்யூவைப் படிக்கும்போது ஸ்டாரை விட்டுவிட்டு மாதத்தைப் பாருங்கள். நீங்கள் போகப்போகும் அதே மாதத்தில் தங்கியவர்கள் எழுதியது இரண்டு கிடைத்தாலும் போதும், மற்ற இருநூறைவிட அவை பயன்படும்.

அடுத்தபடி, கேட்கும் விதம். ‘வியூ நல்லா இருக்குமா?’ என்று கேட்டால் ‘சூப்பரா இருக்கும்’ என்றுதான் யாரும் சொல்வார்கள். பதில் பிடிபடும்படி கேட்க வேண்டும். ‘குளம் பெருகியிருக்கா, மறுகால் போகுதா, மடை திறந்தாச்சா?’ என்று கேளுங்கள். மறுகால் போகிறது என்றால் குளம் நிறைந்து வழிகிறது. மடை திறந்தாயிற்று என்றால் வயலுக்குத் தண்ணீர் போகிறது, மறுபடி மழையோ கால்வாய்த் தண்ணீரோ வராவிட்டால் மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த வாரம் எடுத்த வீடியோ ஒன்றை, நமக்குத் தரப்போகும் அறையின் ஜன்னலிலிருந்தே எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம். தயங்காமல் அனுப்புகிறவரை நம்பலாம், பழைய படத்தையே திரும்ப அனுப்புகிறவரிடம் அட்வான்ஸ் கட்டாமல் இருப்பது நல்லது. காலை உணவு யார் சமைப்பது, எத்தனை மணிக்கு, இரவுச் சாப்பாட்டுக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும், கொசுவலை உண்டா, இரவில் அவசரத்துக்கு ஆட்டோ கிடைக்குமா என்பவையும் அதே போனில் முடிய வேண்டிய கேள்விகள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பெட் அண்டு பிரேக்பாஸ்ட் திட்டத்தில் அங்கீகாரம் பெற்ற வீடு என்று சொன்னால், சில்வரா கோல்டா என்று கேளுங்கள். அந்தத் திட்டப்படி உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், ஆறு அறைகளுக்கு மேல் வாடகைக்கு விடக் கூடாது. வீட்டு மனிதர்களே இல்லாத கட்டடம் என்றால், பெயர் எதுவானாலும் அது லாட்ஜுதான்.

‘விசாரிக்காமல் போனது போனவர் தப்பு, வீட்டுக்காரரைக் குறை சொல்வானேன்’ என்பது ஒரு வாதம். பாதி நியாயம் அதில் உண்டு. ஆனால் சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றே வகைப்படுத்துகிறது. குளத்தைக் காட்டி அறையை விற்கும்போது குளத்தில் தண்ணீர் இல்லை என்பதைவிட முக்கியமான தகவல் வேறென்ன? ‘இன்னும் ஒரே ஒரு அறைதான் மிச்சம்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதையும், விலையைக் கடைசிப் படியில் ஏற்றிக் காட்டுவதையும் 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிமுறைகள் தடை செய்திருக்கின்றன. சொன்னதும் கிடைத்ததும் வேறாக இருந்தால், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அறையிலிருந்து எடுத்த படம், பணம் கட்டிய ரசீது மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். அங்கேயே வீட்டுக்காரரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம், கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது.

இரண்டாவது வாதம் இன்னும் கனமானது. ‘மழை வீட்டுக்காரர் கையிலா இருக்கிறது? குளம் வற்றும் என்று எழுதினால் வருஷத்தில் பாதி நாள் ஒருவரும் வர மாட்டார்கள், சிறு குடும்பம் எப்படிப் பிழைக்கும்?’ என்பது. மழைக்கு உத்தரவாதம் தர யாரையும் நான் கேட்கவில்லை. படத்துக்குக் கீழே அதை எடுத்த மாதத்தையும் ஆண்டையும் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன், அதற்குச் செலவு ஒன்றும் ஆகாது. வற்றிய குளத்தில் பார்க்க ஒன்றுமில்லை என்ற எண்ணமும் சரியல்ல. கூந்தன்குளத்து மக்கள் கோடையில் எச்சம் ஊறிய வண்டலை வெட்டி வயலுக்கு உரமாக அள்ளிப் போடுகிறார்கள், கொல்லையில் கூடு கட்டிய பறவையைக் குழந்தைகள்கூடத் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள்கிறார்கள், பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடியைத் தவிர்க்கிறார்கள். இதையெல்லாம் பார்க்க விரும்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள். பங்குனியில் என்ன இருக்கும் என்று உள்ளபடி சொன்னால், அதை விரும்புகிறவர் வருவார், திருப்தியாகத் திரும்புவார், நாலு பேரிடம் சொல்வார். மார்கழிப் படத்தைக் காட்டி வரவழைத்த விருந்தினரோ ஒரு நாள் வாடகை கொடுத்துவிட்டு ஊர் பெயரையே கெடுப்பார், அந்த நஷ்டத்தைப் பக்கத்து வீட்டு ஹோம்ஸ்டேக்காரரும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

கூந்தன்குளத்தின் பெயர் இப்போது உலகப் பட்டியலில் இருக்கிறது. நான்குவழிச் சாலையும் ரயிலும் வானமாமலைப் பெருமாள் கோவிலும் இருக்கும் நாங்குநேரியைச் சுற்றி இனித் தங்கும் வீடுகள் பெருகத்தான் செய்யும். முதல் சில வீடுகள் எந்தப் பழக்கத்தை ஏற்படுத்துகின்றனவோ அதுவே வட்டாரத்தின் பழக்கமாகும். தண்ணீர் நிலவரத்தை மாதாமாதம் உள்ளபடி தெரிவிப்பது அந்தப் பழக்கமாக இருக்கட்டும். அதைக் கேட்டு வாங்குவது விருந்தினரின் பழக்கமாகட்டும். குளம் வற்றியதற்காக எந்த வீட்டுக்காரரையும் குறை சொல்லாதீர்கள், வற்றியதைச் சொல்லாமல் விட்டதற்காக மட்டும் தயங்காமல் கேளுங்கள்.