ஜூனில் குழி, புரட்டாசியில் கொட்டை

நம்பிக்கை: ஜூன் 5 அன்று பிள்ளைகள் கையால் ஒரு கன்று நட்டுவிட்டால் போதும்.

உலகச் சுற்றுச்சூழல் நாள் 1973 முதல் கொண்டாடப்படுகிறது. அதற்கு முன்பே, 1950இல், அன்றைய மத்திய அமைச்சர் கே.எம். முன்ஷி தொடங்கிவைத்த வன மகோத்சவம் ஜூலை முதல் வாரத்தில் வருகிறது. வட இந்தியாவுக்கு அது பொருத்தமான காலம். தென்மேற்குப் பருவமழை அப்போதுதான் அங்கே வலுக்கும். தமிழ்நாட்டுக்கோ ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கிடைக்கிறது. நீலகிரி, கன்னியாகுமரி போன்ற சில பகுதிகளை விட்டுவிட்டால், ஜூனில் நட்ட கன்று மழை வரும்வரை குடத்துத் தண்ணீரை நம்பித்தான் பிழைக்க வேண்டும். ஊற்றுவதற்கு ஆள் இல்லையென்றால் காய்ந்துபோகும். தான் நட்ட கன்று குச்சியாக நிற்பதைப் பார்க்கிற பிள்ளைக்கு, அடுத்த ஆண்டு விழாவில் மனம் ஒட்டாது. எனக்கு இதுதான் பெரிய கவலை.

ஜூனில் செய்ய வேறு நல்ல வேலை இருக்கிறது. வேப்பம்பழம் உதிர்கிற காலம் அது. பிள்ளைகளைப் பொறுக்கச் சொல்லி, சதையைக் கழுவி, கொட்டையைப் பையில் ஊன்றலாம். வேப்பங்கொட்டையின் முளைப்புத்திறன் சில வாரங்களில் குறைந்துவிடும் என்பதால் தள்ளிப்போடக் கூடாது. குழியையும் அப்போதே தோண்டி வைக்கலாம். ஐப்பசி மழையில், தாங்களே முளைக்கவைத்த கன்றைத் தாங்கள் தோண்டிய குழியில் அவர்கள் நடுவார்கள்.

நம்பிக்கை: பனை மெதுவாக வளரும் மரம், பிள்ளைகளுக்கு அதில் ஆர்வம் வராது.

மெதுவாக வளரும் என்பது உண்மை. முதல் பாளை விடவே பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் ஆகலாம். அதுவரை ஆண்பனையா பெண்பனையா என்றுகூடத் தெரியாது. ஆனால் பிள்ளைகள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தின் கொட்டைகளில் ஒரு பங்கை ஏரிக்கரையில் பத்தடிக்கு ஒன்றாக ஊன்றட்டும். இன்னொரு பங்கைப் பள்ளி வளாகத்தில் மண் அணைத்த பாத்தியில் நெருக்கமாக அடுக்கட்டும். மேலே ஓலை எதுவும் தெரியாவிட்டாலும் முளை கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். பொங்கலுக்குப் பாத்தியைத் தோண்டினால் கிழங்கு. கொட்டையைப் பிளந்தால் இனிக்கிற தவுன். ஏரிக்கரையில் ஊன்றியதும் இப்படித்தான் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது என்று சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

நம்பிக்கை: ஓலையை வெட்டிப் பொம்மை செய்வது மரத்துக்குக் கேடு. தொடாமல் பார்ப்பதுதான் இயற்கை மீது அன்பு.

தொடாமல் எந்தப் பிள்ளைக்கும் மரம் பழக்கமாகாது. முற்றிய அடி ஓலைகளை அளவோடு கழித்தால் பனை தாங்கும். ஆனால் அதற்குக் கிளை இல்லை, உச்சியில் இருக்கும் வளர்முனை ஒன்றுதான். அது அழிந்தால் மரமே பட்டுப்போகும். வேம்போ வெட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே துளிர்க்கும். எந்த மரத்திடம் எதை, எவ்வளவு கேட்கலாம் என்பது கைவேலையில்தான் புரிகிறது.

ஓலைக் காற்றாடியையே பாருங்கள். இரண்டு ஓலைத் துண்டுகளைக் குறுக்கே கோத்து, கருவேல முள்ளால் குச்சியில் செருக வேண்டும். முள் இறுகினால் சுற்றாது, தளர்ந்தால் கழன்றுவிடும். பிள்ளை நாலு தடவை பிரித்துக் கட்டும். காய்ந்த ஓலை ஒடியும், ஈரம் காட்டினால் வளையும், குருத்தோலை சொன்னபடி மடியும். கோடையில் நுங்கு தின்று போட்ட இரண்டு காய்களுக்கு நடுவே குச்சி செருகி, கவட்டைக் கம்பால் தள்ளினால் வண்டி ஓடும். இதற்கெல்லாம் காடு தேவையில்லை, ஊர்ப் பனையே போதும்.

தமிழ்நாடு அரசின் 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்றும், 76 லட்சம் பனை விதைகள் வழங்கப்படும் என்றும் அறிவித்தது. நல்ல அறிவிப்பு. அந்த விதைகள் வளர்ந்து நிற்கும்போது அவற்றின் ஓலையில் எதையாவது செய்யத் தெரிந்த ஒரு தலைமுறையும் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நம்பிக்கை: இயற்கைப் பொருள் எதுவும் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்யாது.

செய்யும். பிள்ளையார் கண்ணுக்கு வைக்கும் குன்றிமணி கடும் நஞ்சு. ஓடு உடையாத மணியைவிட, மென்றதும் துளையிட்டதும் மிகவும் ஆபத்தானவை. மாலை கோக்க அதைக் கொடுக்கவே கூடாது. காட்டாமணக்குப் பாலில் குமிழி ஊதி விளையாடுவார்கள். அதன் விதையைத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். மஞ்சள் அரளிக்காயோ உயிரையே எடுக்கும். பனைமட்டையின் கருக்கு கையைக் கிழிக்கும் என்பதால் அதைப் பெரியவர்கள் சீவித் தர வேண்டும்.

நம்பிக்கை: இதெல்லாம் படிப்பு நேரத்தைத் தின்றுவிடும்.

கொஞ்ச நேரம் போகும்தான், ஆனால் வெளியே கழிகிற நேரம் வீணாவதில்லை. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளைச் சில பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல நடந்த பள்ளிகளில் அது 39.5 சதவீதம். 2015இல் வெளியான ஆய்வு இது. பலன் பகல் வெளிச்சத்தால் வந்தது என்றே கருதப்படுகிறது, மரத்தால் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காற்றாடி கட்டவும் பாத்திக்கு மண் அணைக்கவும் பிள்ளைகள் வெளியேதான் வர வேண்டும். 40 நிமிடம் என்பது ஒரே ஒரு பாடவேளை. கால அட்டவணையில் அதற்கு இடம் கேட்டுப் பெற்றோர் தலைமையாசிரியரைப் பார்க்கலாம். பனம்பழம் விழுவதற்குள் கேட்டால் இந்த ஆண்டே தொடங்கிவிடலாம்.