ஒரு சிம்மில் வீடு முழுக்க இன்ரநெற்

வீட்டில நாலு பேர், ஆனால் ஒருவருடைய லப்ரொப்பில் செருகிய சிம் டொங்கிளில்தான் இன்ரநெற் வருகுதா? சட்டத்தரணியின்ர மின்னஞ்சலை எல்லாரும் பார்க்க வேணும். பழைய றவுட்டர் ஒன்று இருந்தால் இப்படிச் செய்யுங்கள்.

1. லப்ரொப்பிலிருந்து நெற்வேர்க் வயரை றவுட்டரின் 'வான்' அல்லது 'இன்ரநெற்' என்று எழுதிய துளையில் போடுங்கள். தொலைபேசி வயர்த் துளை மட்டும் உள்ள றவுட்டர் இந்த முறைக்குச் சரிவராது.

2. விண்டோஸ் கொன்ட்ரோல் பனலில் 'நெற்வேர்க் கனெக்சன்ஸ்' திறந்து, டொங்கிள் இணைப்பை வலது பக்கமாய்ச் சொடுக்கி, 'புறொப்பர்ற்றீஸ்', 'ஷெயாரிங்' போங்கள். முதலாவது பெட்டியில் சரி போட்டு, கீழே வயர் இணைப்பைத் தெரிவு செய்யுங்கள்.

3. றவுட்டரை ஒருக்கா நிப்பாட்டிப் போடுங்கள். அதன் இன்ரநெற் முகவரி 192.168.137 என்று தொடங்கினால் வேலை முடிந்தது.

'ஷெயாரிங்' இல்லையா? றவுட்டரை விட்டுவிட்டு, விண்டோஸ் 10, 11 செற்றிங்ஸில் 'மொபைல் ஹொட்ஸ்பொட்' போடுங்கள். 8 கருவிகள் வரை இணைக்கலாம்.

கவனம்: லப்ரொப் நித்திரைக்குப் போனால் எல்லாருக்கும் இன்ரநெற் நிக்கும். எல்லாரும் பாவிக்கிறது ஒரே சிம்மின்ர டேற்றாதான். படம் பார்த்தால் கெதியாய் முடிஞ்சிடும். சட்டத்தரணியோட வீடியோவில கதைக்கிற நாளுக்கு முதலே மிச்சத்தைப் பாருங்கள். வைஃபை கடவுச்சொல்லை மாற்றுங்கள். வழக்குக் கடிதங்கள் உள்ள ஃபோல்டரை ஒருபோதும் பகிர வேண்டாம். இன்ரநெற்றைப் பகிரலாம், உங்கட வழக்கு உங்களோடயே இருக்கட்டும்.