பொய்க்க இடமுள்ள கருதுகோள்

பெங்களூரு

அன்புள்ள பேத்திக்கு,

உளவியல் ஆய்வில் கருதுகோள் என்பது தரவு திரட்டும் முன்பே எழுதிவைக்கும் கணிப்பு. எந்த முடிவு வந்தால் அது தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அந்த வாக்கியத்திலேயே தெரிய வேண்டும். அறிவியலுக்கு கார்ல் பாப்பர் 1934இல் வகுத்த எல்லைக்கோடு இதுதான். “பல மொழி பேசுவது மூளைக்கு நல்லது” என்பது கருதுகோள் ஆகாது. நன்மையை எதைக்கொண்டு அளப்பது, யாரோடு ஒப்பிடுவது என்று அது சொல்வதில்லை. எந்த முடிவு வந்தாலும் அதற்கேற்ப ஒரு விளக்கம் கூறித் தப்பிவிடலாம்.

இதே எண்ணத்தை ஆய்வாளர்கள் சோதனைக்கு உட்படுத்திய விதம் கவனிக்கத்தக்கது. டொராண்டோவில் எலன் பியாலிஸ்டாக் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, 184 மறதிநோயாளிகளில் இருமொழியாளருக்கு நோயின் அறிகுறி ஏறத்தாழ 4 ஆண்டு தாமதமாகத் தொடங்கியதாகக் கண்டது. ஆனால் அந்த இருமொழியாளரில் பெரும்பாலோர் வேறு நாட்டிலிருந்து குடியேறியவர்கள். தாமதத்துக்குக் காரணம் மொழியா, குடியேற்றமா என்ற கேள்வி எஞ்சியது.

அதற்கு விடை தேட ஹைதராபாத் ஏற்ற இடமாக அமைந்தது. அங்கே தெலுங்கும் தக்கினி உருதுவும் பேச யாரும் ஊர் மாற வேண்டியதில்லை. பின்னாளில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனத்தில் பேராசிரியரான சுவர்ணா அல்லாடியின் குழு, ஹைதராபாத்தின் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டது. இருமொழியாளரான 391 பேருக்கு அறிகுறி சராசரியாக 4.5 ஆண்டு பிந்தித் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடையிலும் அந்த வேறுபாடு காணப்பட்டது. அவர்களிடம் அது இல்லாமல் போயிருந்தால், படிப்புதான் காரணம் என்ற மாற்று விளக்கம் வலுத்திருக்கும். போட்டியான விளக்கம் எங்கே வெல்லக்கூடுமோ அங்கேயே வைத்துச் சோதிப்பதுதான் கருதுகோளுக்கு வலிமை.

அளவீடும் எல்லையும் அதே அளவு முக்கியம். ‘நோய் தொடங்கிய வயது’ என்பதை அந்த ஆய்வு, குடும்பத்தார் முதல் அறிகுறியைக் கவனித்த வயது என்று வரையறுத்துக்கொண்டது. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் எல்லோருமே நோயாளிகள். ஆகவே நோய் எப்போது தொடங்கியது என்பதைப் பற்றியே அது பேச முடியும். இருமொழியாளருக்கு நோய் வரும் வாய்ப்பு குறைவா என்பது வேறு கருதுகோள். அதற்கு நோயில்லாதவர்களையும் சேர்த்து ஆராய வேண்டும்.

பெங்களூரில் இதையொட்டி ஆய்வு செய்பவர் முதலில் சந்திக்கும் சிக்கல், ஒரே மொழி மட்டும் பேசுவோர் அரிதாகக் கிடைப்பது. அல்சூரிலோ சிவாஜிநகரிலோ வீட்டில் தமிழும் கடையில் கன்னடமும் அண்டைவீட்டாரோடு உருதுவும் பேசுவது இயல்பு. எனவே மொழிகளின் எண்ணிக்கையை விட்டு, மொழி மாறிப் பேசும் பழக்கத்தை மாறியாகக் கொள்ளலாம். ஓர் எடுத்துக்காட்டு: “பெங்களூரில் வசிக்கும், தமிழை வீட்டுமொழியாகக் கொண்ட, 20 முதல் 30 வயதுள்ள பட்டதாரிகளில், தினமும் வேலையிடத்தில் மொழி மாறி மாறிப் பேசுவோருக்கு, ஒரே மொழியில் வேலை பார்ப்போரைவிட, ஸ்ட்ரூப் சோதனையில் நிறப்பெயர் சொல்வதில் ஏற்படும் தாமதம் குறைவாக இருக்கும்.” (ஒரு நிறத்தின் பெயரை வேறு நிறத்தில் எழுதிக் காட்டி, எழுத்தின் நிறத்தைச் சொல்லச் சொல்வதே ஸ்ட்ரூப் சோதனை.)

இந்த வாக்கியத்தில் யார், எதை ஒப்பிடுவது, எதை அளப்பது, வேறுபாடு எந்தத் திசையில் என்ற நான்கும் உள்ளன. இதற்கு எதிரான இன்மைக் கருதுகோள், இரு குழுக்களின் தாமதத்திலும் வேறுபாடு இல்லை என்பது. இளைஞர்களிடம் இருமொழித் திறனால் கவனக் கட்டுப்பாடு மேம்படுவதாகச் சொன்ன முடிவுகள் பல ஆய்வுகளில் மீண்டும் கிடைக்கவில்லை; ஆகவே இக்கணிப்பு பொய்க்க உண்மையாகவே இடம் உண்டு. ஆட்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிக்காத ஆய்வு இது என்பதால், ‘மொழி மாற்றம் கவனத்தைக் கூட்டுகிறது’ என்று எழுதுவதற்கும் வழியில்லை. ‘தொடர்பு உண்டு’ என்பதோடு நிறுத்த வேண்டும்.

கடைசியாக, எத்தனை பேர், எந்தப் புள்ளியியல் சோதனை, யாருடைய தரவை விலக்குவது என்பவற்றைத் தேதியிட்டு முன்பதிவு செய்த பிறகே முதல் ஆளைச் சோதிக்க வேண்டும். முடிவைக் கண்டபின் கருதுகோளைத் திருத்தினால், அதற்குப் பொய்க்கும் வாய்ப்பே இராது. தரவில் எதிர்பாராமல் தென்படும் புதிய தொடர்பை அடுத்த ஆய்வுக்கான கேள்வி என்று அறிக்கையில் தனியாகக் குறிப்பிடலாம்.

அன்புடன்,
தாத்தா